அரை அடி வள்ளல்கள்

சேலம் அம்மாபேட்டையில் ஒரு நைட் கிளப்கூட இல்லையே என்று பெங்களூருக்கு வேலைக்குப் போன நம் பிள்ளைகள் குறைப்படுவதுண்டு. ஆடி மாதம் ஊர்ப்பக்கம் எட்டிப் பார்க்காதவர்கள் பேசுகிற பேச்சு அது. ஆடி பிறந்தால் சேலத்தில் பேட்டைக்குப் பேட்டை மாரியம்மனுக்கு விழா. குகையிலும் செவ்வாய்ப்பேட்டையிலும் வண்டி வேடிக்கை. சாமி வேஷம் கட்டியவர்களை ஏற்றி விளக்குப் போட்ட வண்டிகள் வரிசையாக வரும், ஊரே திரண்டு நிற்கும். அதைப் புகழ ஆட்கள் நிறைய இருக்கிறார்கள். நான் புகழ வந்தது வேறு ஒரு கூட்டத்தை: எங்கள் பக்கத்துத் தெருவில் இன்னிசைக் கச்சேரியும் டிஜேவும் ஒரே ராத்திரியில் வைத்த விழாக் குழுவினரை. பெயர் சொல்லப் போவதில்லை. அடக்கமானவர்கள், மனம் நோகும். பிளெக்ஸ் பேனரில்கூடத் தெருவிளக்கு உயரத்துக்கு மேல் முகத்தைப் போட மாட்டார்கள்.

ஐயா, உங்கள் தாராளத்தை எங்கிருந்து தொடங்குவது? தெருவின் அகலம் இருபது அடி. இந்தப் பக்கம் ஆளுயரத்துக்கு இரண்டு மடங்காக அடுக்கிய ஸ்பீக்கர் பாக்ஸ், அந்தப் பக்கம் அதே போல இன்னொன்று. கல் நெஞ்சக்காரர்கள் வைத்திருந்தால் தெருவை முழுசாக அடைத்திருப்பார்கள். நீங்கள் நடுவில் பத்தடி விட்டீர்கள். அதிலும் முன்னால் பாதி, சவுக்குக் கட்டை நட்டுக் கயிறு கட்டி, வெள்ளைத் துணி விரித்த டென்ட் கடை சோபாக்களுக்கு. அந்தச் சோபாக்களில் பத்தரை மணி வரை யாரும் உட்காரவில்லை. வரப்போகிற பிரமுகருக்காக அவை காத்திருந்த பொறுமை எங்களில் ஒருவருக்கும் இல்லை. மிச்சத்தை எங்களுக்கே விட்டுவிட்டீர்கள். தலைக்கு அரை அடி தேறியிருக்கும். கேட்காமலே கொடுப்பவன்தானே வள்ளல்?

அந்த அரை அடியில் என்னென்ன நடந்தது தெரியுமா? தட்டுவடை செட் தட்டோடு ஒரு தம்பி ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்தான். மறு கால் வைக்க இடமில்லை. பின்னாலிருந்து யாரோ செல்போனைத் தூக்கிப் பிடித்த முழங்கை அவன் தோளில் இடித்தது. காரச் சட்னியும் பீட்ரூட் துருவலும் முன்னால் நின்ற பெரியவரின் வெண்பட்டு வேட்டியில் போய் உட்கார்ந்தன. வெண்பட்டு நெய்கிற அம்மாபேட்டைக்காரருக்கு முன்னால் வெண்பட்டில் கறை.

"கண்ணு தெரியலையா? பார்த்து நில்லு தம்பி!"

"நான் எங்கண்ணா நின்னேன்? நிறுத்தி வெச்சிருக்காங்க."

அவன் சொன்னது யார் காதிலும் ஏறவில்லை, பாக்ஸ் அப்படி. அடுத்த நிமிஷம் இருவருக்கும் ஆள் சேர்ந்துவிட்டது. சட்டைக் காலரைப் பிடிக்கக் கையைத் தூக்க இடமில்லாததால்தான் அடிதடி தவிர்ந்தது. இதையும் உங்கள் முன்யோசனைக் கணக்கில் சேர்க்கிறேன்.

இந்த ஊர் ஜனங்களுக்கு நெருக்கம் புதிதல்ல என்பதுதான் இதில் விசேஷம். குழித்தறி போட்ட வீட்டில் தறி போக மிஞ்சிய இடத்தில்தான் குடும்பமே சமைத்தது, சாப்பிட்டது, படுத்தது. தூக்கத்தில் அடுத்தவர் மேல் கால் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிற பழக்கம் அந்த வீடுகளில் வளர்ந்தது. அப்படிப்பட்டவர்களையே ஒரே ராத்திரியில் முழங்கையால் பேச வைத்தீர்களே, லேசுப்பட்ட சாதனையா?

பெண்கள் பாதுகாப்பிலும் உங்களுக்கு அக்கறை அதிகம். கூட்டம் நெருங்கினால் தன் கை எங்கே போகிறது என்றே தெரியாமல் போய்விடும் அப்பாவிகள் சிலர் எல்லா ஊரிலும் உண்டு. அவர்களைத் தேடிப் பிடித்து வெளியே அனுப்பி மனதைப் புண்படுத்தாமல், "தாய்மார்கள் பாதுகாப்பாக ஓரமாக நிற்கவும்" என்று மைக்கில் மூன்று தரம் சொன்னீர்கள். ஓரத்தில் பாக்ஸ் இருந்தது, அதற்கு அப்பால் சாக்கடை. எனக்குப் பக்கத்தில் நின்ற அக்கா புடவைத் தலைப்பிலிருந்து ஊக்கைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு பாட்டு கேட்டார். உங்கள் ஏற்பாட்டின் மேல் அவருக்கு இருந்த நம்பிக்கை அவ்வளவு.

மனிதர்களுக்கிடையே உள்ள இடைவெளியைப் பற்றி எட்வர்ட் ஹால் என்ற மானிடவியலாளர் 1966இல் ஒரு புத்தகம் எழுதினார். அமெரிக்கர்களைக் கவனித்துவிட்டு, பழகிய ஆட்களுக்கிடையே ஒன்றரை அடியிலிருந்து நாலடி வரை இடைவெளி இருக்கும் என்றார். ஆடிக்குச் சேலம் வந்திருந்தால் திருத்தி எழுதியிருப்பார். கூட்டத்தை ஆராய்ந்த ஜான் ஃப்ரூயின் என்ற பொறியாளர் இன்னும் பயந்தவர்: ஒரு சதுர மீட்டருக்கு ஏழு பேரை நெருங்கினால் கூட்டம் தண்ணீர் மாதிரி ஆகிவிடும், தனி ஆளின் இஷ்டத்துக்கு அதில் வேலையில்லை என்றார். பெரும் நெரிசல்களில் பலர் சாவது மிதிபட்டு அல்ல. மார்பு விரிய இடமில்லாமல், நின்றபடியே. கரூர் நெரிசலில் 2025 செப்டம்பர் 27 அன்று 41 பேர் போனார்கள். அதே ஆண்டு டிசம்பர் 6 நள்ளிரவில் கோவா அர்போராவில் ஒரு நிஜ நைட் கிளப்பில் தீப்பிடித்து 25 பேர். அதில் பெரும்பாலோர் அங்கே வேலை பார்த்தவர்கள். அந்தச் செய்திகள் வந்தபோது உங்கள் குழு கண்ணீர் அஞ்சலி பேனர் வைத்தது எனக்கு நினைவிருக்கிறது. அதையும் நடைபாதையில்தான் வைத்தீர்கள்.

வேட்டிக்காரப் பெரியவரும் தட்டுவடைத் தம்பியும் இன்றைக்கும் பேசிக்கொள்வதில்லை. ஒருவர் மற்றவரைத்தான் குற்றம் சொல்கிறார். உங்கள் மேல் இருவருக்கும் ஒரு வருத்தமும் கிடையாது, கச்சேரி பிரமாதம் என்கிறார்கள். இப்படி ஒரு பெயர் எடுக்க எத்தனை பேருக்குக் கொடுத்து வைக்கும்?

அடுத்த ஆடிக்கு இன்னும் நாலு பாக்ஸ் ஏற்றுவதாகக் கேள்வி. தாராளமாக ஏற்றுங்கள். சோபாவைத் தவிர அந்தத் தெருவில் மற்றதெல்லாம் நகரக்கூடியவைதானே.