மக்ளே, நார்மலா?

நேற்று அதிகாலை நாலரைக்குச் சித்தப்பாவின் கிரியாட்டினின் வந்தது. நாகர்கோவிலில் அப்போது மணி பத்து. வெறும் வயிற்றில் ரத்தம் கொடுத்து, ரசவடை சாப்பிட்டு, ரிப்போர்ட்டையும் வாங்கிக்கொண்டு மனிதர் நிதானமாகத்தான் அனுப்பியிருக்கிறார். லண்டன் ஈஸ்ட் ஹாமில் நான்தான் போர்வைக்குள்ளிருந்து கையை நீட்டினேன். 1.4. பக்கத்தில் அச்சிட்டிருந்த சரியான அளவைக் கட்டைவிரல் மறைத்திருந்தது. கீழே கேள்வி: ‘மக்ளே, நார்மலா?’

இங்கிலாந்தில் நர்ஸாகப் பதிவு கிடைக்கும்வரை என்ன வேலை பார்க்கலாம், எப்படித் தேடலாம் என்று ஊரில் நர்ஸிங் முடித்த தங்கைகள் சிலர் கேட்டிருந்தார்கள். அதை எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுதியும் விடுவேன். முதலில் இந்தக் கட்டைவிரலை ஒரு வழி பண்ணிவிடுகிறேன்.

நீங்களும் அனுப்புகிறவர்தான், எனக்குத் தெரியும். ஐந்து பக்க ரிப்போர்ட்டில் மூன்றாம் பக்கத்தை மட்டும் அனுப்புவீர்கள். எக்ஸ்ரேயை டியூப்லைட்டுக்கு நேரே பிடித்து, டியூப்லைட்டைத் தெளிவாகப் படம் எடுப்பீர்கள். இசிஜியை நாலாக மடித்துப் பர்ஸில் வைத்திருந்து, மடிப்பு விழுந்த இடத்தில் ‘இங்க ஏன் கோடு ஒடிஞ்சிருக்கு?’ என்பீர்கள். மாத்திரை அட்டையில் பெயர் இருக்கும் பக்கத்தை முதலில் கிழித்துத் தின்றுவிட்டு, மிச்சத்தைப் படம் எடுத்து ‘இத நிறுத்தலாமா?’ என்பீர்கள். டாக்டரிடம் போங்கள் என்றால், ‘அவரு பாத்தாச்சு, நீ சொல்லு.’ அவர் என்ன சொன்னார் என்றால், ‘அவரு எங்க சொன்னாரு, எழுதித்தான் குடுத்தாரு.’ எழுதிக் கொடுத்ததும் படமாக வரும். அதைப் படிக்கப் பதிவு பெற்ற நர்ஸாலும் முடியாது. பதில் சொல்லக் கொஞ்சம் தாமதமானால் அதே படம் குடும்ப குரூப்பில் விழும். அங்கே மெடிக்கல் ஷாப் வைத்திருக்கும் மச்சான் கட்டைவிரலை உயர்த்துவார். அது நார்மல் என்கிறாரா, பார்த்துவிட்டேன் என்கிறாரா என்று யாரும் கேட்பதில்லை.

போதாததற்கு அலகு வேறு. ஊரில் சர்க்கரை 126. இங்கே அதுவே 7, மில்லிமோல் கணக்கில். 18-ஆல் பெருக்க வேண்டும். கிரியாட்டினினுக்கு மைக்ரோமோல் கணக்கு, 88-ஆல் வகுக்க வேண்டும். பகலெல்லாம் மில்லிமோலில் யோசித்துவிட்டு, இருட்டில் சித்தப்பாவுக்காக மில்லிகிராமுக்கு மாறுகிறேன். பழைய ரிப்போர்ட்டோடு சேர்த்து டாக்டரிடம் காட்டுங்கள் என்று எழுதினேன். ‘அப்ப நார்மல்னு வச்சுக்கட்டா?’ என்று வந்தது.

இத்தனைக்கும் வேலை இடத்தில் நான் யாருக்கும் ஒரு பாரசிட்டமால் கொடுக்க முடியாது. முதியோர் இல்லம் ஒன்றில் ஹெல்த்கேர் அசிஸ்டென்ட். மருந்து வண்டியை நர்ஸ் தள்ளிக்கொண்டு வருவார். மருந்து கொடுக்கிறேன், தொந்தரவு செய்யாதீர்கள் என்று எழுதிய சிவப்பு மேலாடை போட்டிருப்பார். சுவரோடு ஒட்டி நின்று வழிவிடுவேன். மருந்தின் மேல் ஆசை போய்விட்டது. அந்தச் சிவப்பு மேலாடைதான் எனக்கு ஒன்று வேண்டும், வாட்ஸ்அப்புக்கு.

என் வேலை டீ. விழுங்கச் சிரமப்படுகிறவர்களுக்குக் கெட்டியாக்கும் பொடி கலந்த டீ. 10 மில்லி சிரிஞ்சில் ஊற்றி 10 விநாடி வடியவிட்டு, 4 முதல் 8 மில்லி வரை மிஞ்சினால் இரண்டாம் நிலை. அதற்கு மேல் நின்றால் மூன்றாம் நிலை. மதுரை ஐசியுவில் நோர்அட்ரினலினை மில்லி மில்லியாக ஏற்றி இறக்கியவள், இன்று சிரிஞ்ச் பிடிப்பது இந்த டீக்கு மட்டும். டீ உள்ளே போனால் போதுமா? மறுமுனைக்கு பிரிஸ்டல் அட்டவணை, 1997-ல் வந்தது, படத்தோடு ஏழு வகை. நாலாம் வகை வந்த காலையில் இல்லமே ஒரு பெருமூச்சு விடும். விதிகளெல்லாம் சரிதான், குறை சொல்ல முடியாது. அதனாலேயே எரிச்சல் கூடுகிறது.

பதிவுக்கான வழியைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வில் எழுத்துக்கு 6.5, மற்ற மூன்றுக்கும் 7. பிறகு கம்ப்யூட்டர் தேர்வு. பிறகு ஆஸ்கி என்ற செய்முறைத் தேர்வு, பத்து நிலையங்கள். அங்கே கட்டிலில் பொம்மை படுத்திருந்தாலும் பெயர், பிறந்த தேதி கேட்டு, கைப்பட்டையில் சரிபார்த்து, செய்வதையெல்லாம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். வீட்டில் தலையணையிடம் பழகுகிறேன். கணவர் ஹாலில் படுக்கிறார்.

போன மாதம் ஊரில் ஒரு நிச்சயதார்த்தம். ‘லண்டன்ல ஆயா வேலையாம்’ என்று அத்தை பந்தியில் சொன்னது பாயசம் பரிமாறுவதற்குள் எனக்கு வந்து சேர்ந்தது. அன்று இரவே அத்தையின் தைராய்டு ரிப்போர்ட்டும் வந்தது. ஆயாவிடம் டிஎஸ்ஹெச் கேட்கிற துணிச்சல் நம் குடும்பத்துக்கு மட்டும்தான் உண்டு. குளிப்பாட்டுவதும் துடைப்பதும் முதல் வருட நர்ஸிங் பாடம், அத்தை. ஊர் ஆஸ்பத்திரியில் அதை உங்கள் தலையில் கட்டிவிட்டு நாங்கள் ஊசி டிரேயோடு நடந்தோம். இது உங்களுக்கும் தெரியும். மாமா படுத்திருந்தபோது நீங்கள்தானே துடைத்தீர்கள்? பதில் அனுப்பாமல் இரண்டு நாள் வைத்திருந்தேன். மூன்றாம் நாள் அனுப்பிவிட்டேன். டிஎஸ்ஹெச் கூடுதல்.

சரி, வேலை தேடுவது. கணவரின் விசாவில் வந்திருந்தால் தடையில்லை, நேராக விண்ணப்பிக்கலாம். ஊரில் இருந்துகொண்டே கேர் விசா வாங்கித் தருகிறேன் என்று ஏஜெண்ட் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். வெளிநாட்டிலிருந்து அப்படி ஆள் எடுப்பதை 2025 ஜூலை 22-ல் நிறுத்திவிட்டார்கள். ஊரிலிருந்து போலீஸ் சான்றிதழ் கேட்கலாம், முன்கூட்டியே வாங்கி வையுங்கள். பழைய மருத்துவமனையில் உங்களை அறிந்த சூப்பிரண்டென்ட் ஓய்வு பெறுவதற்குள் நற்சான்றுக்காக அவருடைய இமெயிலையும் வாங்கிவிடுங்கள். நான் வாங்கவில்லை என்பதால் அவருடைய மருமகளின் தோழி வரை போக வேண்டியிருந்தது.

இன்டர்வியூவில் நிச்சயம் ஒரு கேள்வி வரும். ‘ராத்திரி ஒரு பாட்டி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மாத்திரை கேட்கிறார். என்ன செய்வீர்கள்?’ நாடி, ஆக்ஸிஜன், இசிஜி, எந்த மாத்திரை, நாக்கடியில் எத்தனை தடவை என்று எல்லாமே என் தொண்டைவரை வந்துவிட்டது.

‘நர்ஸைக் கூப்பிடுவேன்’ என்றேன். அங்கேயே வேலை கொடுத்துவிட்டார்கள்.