கண் மதிப்பும் எடைச் சீட்டும்

அப்போது திண்டிவனம் தென்னார்க்காடு மாவட்டத்தில் இருந்தது. மரக்காணம் போகும் வழியில் தாத்தாவுக்கு ஒரு ஏக்கர் மணல் கொல்லை. மல்லாட்டை போட்டுச் சலித்தால் சவுக்கு வைப்பார். வெட்டு நெருங்கியதும் வியாபாரி வருவார். தோப்பை ஒரு சுற்றுச் சுற்றி, நாலு மரத்தைக் கையால் பிடித்துப் பார்த்து, மொத்தமாக ஒரு விலை சொல்வார்.

"எண்ணிப் பாக்கலியா?" என்று ஒருமுறை கேட்டுவிட்டேன்.

"கண்ணு பாத்தா போதும் தம்பி" என்றார். தாத்தாவும் தலையாட்டினார். அந்தப் பணத்தில் அத்தை கல்யாணம் முடிந்தது. ஆயாவுக்கு மிஞ்சியது அடுப்புக்கு மிலாறும் சருகும்.

அன்று கட்டை பட்டணத்து அடுப்புக்கும், கழி சாரத்துக்கும் பந்தலுக்கும் போனது. கேஸ் அடுப்பு வந்ததும், சவுக்குக்கு இனி விலை இல்லை என்று ஊரே பேசியது. இன்று காகித ஆலைகள் அதைத் தேடி வாங்குகின்றன. கரூர் காகிதபுரத்து அரசு ஆலை விவசாயிகளோடு ஒப்பந்தமே போடுகிறது. கோவை வன மரபியல் நிறுவனம் தேர்ந்தெடுத்துத் தந்த ரகங்கள் மூன்று, நான்கு ஆண்டில் வெட்டுக்கு வந்துவிடுகின்றன.

இப்போது என் தோப்பு லாரியில் ஏறி எடை மேடைக்குப் போகிறது. வெட்டிய கட்டை வெயிலில் கிடந்தால் ஈரம் வற்றி எடை இறங்கும். லாரி இரண்டு நாள் பிந்தினாலும் நட்டம் நமக்குத்தான். அதனால் லாரியைப் பேசி முடித்த பிறகே அரிவாளை எடுக்கிறேன்.

எடை வந்துவிட்டது, கணக்கு இன்னும் வரவில்லை. ஏக்கருக்கு 2 லட்சம் கிடைத்ததாக வைத்துக்கொள்வோம். கன்று, தண்ணீர், கூலி என்று 40,000 கழித்தால் மிச்சம் 1,60,000. நான்கு ஆண்டுக்குப் பிரித்தால் மாதம் 3,333 ரூபாய். மொத்தமாகக் கைக்கு வருவதால் பெரிதாகத் தெரிகிறது.

2011 டிசம்பர் 30 அன்று கரையேறிய தானே புயல் எங்கள் இரண்டு வருடக் கன்றுகளை ஒரே காலையில் சாய்த்தது. அந்த ஆண்டுகளுக்கு வரவே இல்லை.

ஆனாலும் சவுக்கை நான் விடவில்லை. அதன் வேர்முடிச்சு காற்றிலுள்ள தழைச்சத்தை மண்ணில் சேர்க்கிறது. ஆள் கிடைக்காத காலத்தில் கொல்லை தரிசாகாமல் காக்கிறது.

சவுக்கு வைப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நிலம் முழுவதையும் ஒரே வருடத்தில் வைக்காதீர்கள். துண்டு துண்டாக, வருடம் ஒன்றாக வையுங்கள். நட்ட நாள் முதல் செலவை எழுதுங்கள். எடைச் சீட்டு கைக்கு வராமல் லாரியை அனுப்பாதீர்கள்.