எண்பதார்

எண்பதார் எனப்படுவோர், மடிக்கணினியின் மின்கலத்தில் மின்னேற்றம், அதாவது ‘சார்ஜ்’, 80 விழுக்காட்டைத் தொட்ட நொடியில் செருகியைப் பிடுங்குவதையே பிறவிக் கடனாகக் கொண்ட வகையினர். 78இல் அவருடைய பேச்சு தடுமாறும். 79இல் எதிரே இருப்பவர் சொல்வது காதில் விழாது. 80இல் மேசைக்கு அடியில் குனிந்த முதுகு மட்டுமே தெரியும். சம்பள உயர்வு பற்றிய கூட்டமானாலும், சக ஊழியரின் பணி ஓய்வு விழாவானாலும் இந்த ஒழுங்கு மாறுவதில்லை. ரசத்துக்கும் மோருக்கும் நடுவே இலையை விட்டு எழுந்துபோய், இடக்கையால் பிடுங்கிவிட்டு வந்து உட்காரும் எண்பதாரும் உண்டு. வீட்டில் இப்பணி மனைவியின் பொறுப்பு. குளியலறைக்குள்ளிருந்து “எண்பது ஆயிடுச்சா பாரு” என்று குரல் வர, “எண்பத்து மூணு ஆயிடுச்சுங்க” என்று பதில் போனால், அன்று மாலை வரை அந்த வீட்டில் பேச்சுவார்த்தை இருக்காது.

எரிச்சலூட்டும் செய்தி, அவருடைய கொள்கையில் பிழை இல்லை என்பதே. இன்றைய மடிக்கணினிகளில் இருப்பது, 1991இல் சோனி நிறுவனம் முதன்முதலாகச் சந்தைக்குக் கொண்டுவந்ததும், அதை உருவாக்கியதற்காகக் குட்இனஃப், விட்டிங்ஹாம், யோஷினோ ஆகிய மூவருக்கும் 2019இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்ததுமான லித்தியம் அயனி மின்கலம். பெரும்பாலான வகைகளில் இது முழுதாக நிரம்பும்போது உள்ளிருக்கும் ஒவ்வோர் அறையின், அதாவது ‘செல்’லின், மின்னழுத்தமும் ஏறத்தாழ 4.2 வோல்ட்டை எட்டுகிறது. அந்த அழுத்தத்திலேயே நாள்கணக்கில் இருந்தால், அயனிகள் நீந்திச் செல்லும் திரவமான மின்பகுளி சிறிது சிறிதாகச் சிதைந்து, கொள்ளளவு குறைகிறது. முற்றிலும் தீரவிடுவதும் நல்லதன்று. தீர்த்துத் தீர்த்து ஏற்றவேண்டும் என்பது நிக்கல்-காட்மியம் மின்கலக் காலத்து விரதம், அதைக் கடைப்பிடிப்போர் வேறொரு குலத்தினர்.

ஆனால் மின்னழுத்தத்தைக் காட்டிலும் கொடிய பகை வெப்பம். கத்திரி வெயிலில், கதவடைத்து நிறுத்திய காருக்குள் அதே மடிக்கணினியைப் பையோடு விட்டுவிட்டுத் துணிக்கடைக்குள் நுழைபவரும், இரவில் அதன் காற்றுத் துளைகள் அடைபடும்படி மெத்தைமேல் வைத்துப் படம் பார்ப்பவரும் எண்பதாரே. இதைச் சுட்டிக்காட்டினால், “அப்போது 62தான் இருந்தது” என்பார்.

மின்வெட்டு வந்தால் அவருடைய தவத்தின் பயன் விளங்கவேண்டுமல்லவா? விளங்காது. மின்கலம் தேய்ந்துவிடும் என்று அவர் கணினியை மூடிவைத்துவிட்டு, விசிறிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். திரையின் ஒளியை அவர் எந்நேரமும் கடைசிப் படிக்குக் குறைத்து வைத்திருப்பதால், மூடியதற்கும் திறந்ததற்கும் பெரிய வேற்றுமை இல்லை என்பது வேறு.

ஆயினும், விண்டோஸ் தரும் மின்கல அறிக்கையை, அதாவது ஆலையிலிருந்து வந்தபோதிருந்த கொள்ளளவையும் இன்றுள்ள கொள்ளளவையும் பக்கம் பக்கமாகக் காட்டும் பட்டியலை, அவர் அச்செடுத்து வந்து நீட்டும்போது, பிள்ளையின் மதிப்பெண் பட்டியலைக் காட்டும் தகப்பனின் முகம் தெரியும். அந்த வேளையில் அவரைக் கடிந்துகொள்ள மனம் வராது.

மனம் வரவேண்டிய இடம் வேறு. எண்பதார் பிறர் கணினிகளையும் காப்பாற்றுகிறார். ஆறாண்டு உழைத்து மின்கலம் செத்துப்போன ஒரு மடிக்கணினி, சுவரிலிருந்து வரும் மின்சாரத்தை மட்டும் நம்பி ஓடிக்கொண்டிருக்கிறது என்பதை அறியாமல், அதன் செருகியை ஒருவர் அன்போடு பிடுங்கினால், திரை அணைந்து, சேமிக்காத மூன்று மணி நேர வேலை போய்விடும். போனது. “100ஐக் காட்டிக்கொண்டிருந்தது, அதனால்தான்” என்பது விளக்கமும் அன்று, மன்னிப்பும் அன்று.

80இல் தானாகவே மின்னேற்றத்தை நிறுத்திக்கொள்ளும் அமைப்பு இன்று பல மடிக்கணினிகளில் இருக்கிறது, எண்பதாருடையதிலும் இருக்கிறது, அவருக்கும் அது தெரியும். அதை இயக்கிவிட்டால் பிடுங்குவதற்கு ஒன்றும் இராதே என்று விட்டுவைத்திருக்கிறார். ஆகவே அவர் இருக்கையை விட்டு எழுவதைக் கண்டால், முதலில் கோப்பைச் சேமித்துக்கொள்ளுங்கள்.