படுக்கையோட வர்ற பேராண்டிக்கு

இன்னாடா பேராண்டி, வூட்ட சக்கரத்து மேல ஏத்தப் போறியாமே? டீக்கடையில சொல்றாங்க, ரேஷன் கடை வரிசையில சொல்றாங்க, வெள்ளானூர்ல உங்க ஆயாவுக்கு மட்டுந்தான் இன்னும் சேதி எட்டல. கட்டிலு, கக்கூசு, கேஸ் அடுப்பு, ஃபிரிட்ஜு, ஏசி எல்லாத்தையும் உள்ள வெச்ச வேனாம். லீவு கெடைச்சா பொண்டாட்டி, புள்ளைங்க, மாமியார்னு அஞ்சு பேரா ஏறிக்கினு, அரக்கோணத்து அத்தை, திண்டிவனத்து பெரிம்மா, மதுரை சின்ன மாமனார்னு வரிசையா பாத்துட்டு வருவீங்களாம். சந்தோசம். சொந்தத்த பாக்கணும்னு நெனைக்கிறவனே இந்தக் காலத்துல கம்மி. சொந்தத்த பாக்கணும், ஆனா அவங்க பாயில படுக்கக் கூடாதுன்னு நெனைக்கிற புத்திசாலிய நான் இப்பதான் பாக்குறேன்.

இந்த மாதிரி வண்டி நம்ம பக்கத்துக்குப் புதுசு இல்ல. பூந்தமல்லி தாண்டி செம்பரம்பாக்கத்துல ஷூட்டிங் நடந்தா வரிசையா நிக்குமே கேரவன், அதோட தம்பிதான இது. அத வுடு, தகரத்துக்குள்ள மனுசன ஒக்கார வெச்சு ஓட்டுறதுல ஆவடிக்காரனுக்கு எவனும் பாடம் எடுக்க வேணாம். 1965-லயே விஜயந்தா டாங்கி செஞ்சு பட்டாளத்துக்கு அனுப்புன ஊரு. அப்பால வந்த டி-72-வும் இங்க ஹெவி வெஹிகிள் ஃபேக்டரியிலதான் செஞ்சாங்க. அதுல மொத்தமே மூணு பேருதான். மூணு பேர்ல மாமியார் கெடையாது. அதனாலதான் சண்டை டாங்கிக்கு வெளியில நடக்குது.

வண்டியிலயே பொங்கி வண்டியிலயே படுக்குறதும் நமக்குப் புதுசு இல்ல. எங்க காலத்துல ஆடி வந்தா பெரியபாளையத்துக்கு கூண்டு வண்டி கட்டுவோம். உள்ள வைக்கோல பரப்பி, அது மேல ஜமுக்காளம். பின்னாடி சோத்துக் குண்டானும் அன்னக்கூடையும் கட்டித் தொங்கும், அடியில அரிக்கேன் லைட்டு ஆடிக்கினே வரும். சனிக்கிழமை வெயில் தாழக் கெளம்பினா செங்குன்றம், காரனோடை, ஜனப்பன்சத்திரம் கூட்ரோடுன்னு மாடு அது பாட்டுக்குப் போகும். ஓட்டுறவன் தூங்குனாலும் மாட்டுக்கு வழி தெரியும்; உன் வண்டியில அந்த வசதி இல்ல, ஞாபகம் வெச்சுக்க. பவானியம்மன் கோயிலாண்ட ஆரணி ஆத்து மணல்ல மாட்ட அவுத்துவுட்டா, அங்கயே அடுப்பு, அங்கயே தூக்கம். வேப்பஞ்சேலை வேண்டுதல் முடிச்சு, பொங்கல் வெச்சு, கறிசோறு தின்னுட்டு ஞாயித்துக்கிழமை பொழுது சாயத் திரும்புவோம். வண்டிக்குள்ள கெழவிங்க, கைப்புள்ளக்காரி, கால் கட்டுன கோழி. மத்தவன்லாம் நடை. இன்னிக்கும் அந்த ரோட்ல ஆடி ஞாயித்துக்கிழமை போய் நின்னு பாரு, டாட்டா ஏஸ்லயும் மினி லாரியிலயும் தார்ப்பாய் கட்டிக்கினு ஜனம் குண்டானோட போய்க்கினே இருக்கும். யாரும் அதுக்கு டூரிசம்னு பேர் வெக்கல. மலையாளத்துக்காரன் 2021-ல கேரவன் டூரிசத்துக்குன்னே ஒரு கொள்கை போட்டு, வாகமண்ல வண்டி நிறுத்த பார்க்கு தொறந்தான். கெட்டிக்காரன்.

ஆனா ஒண்ணு கவனி. வழியில சொந்தக்காரன் வூடு வந்தா அவனையும் கூண்டு வண்டியில ஏத்திக்கினோம். அவன் வாசல்ல நிறுத்திட்டு, கதவ சாத்திக்கினு உள்ள தனியா படுக்கல. உனக்கு வரப் போற வம்பெல்லாம் அங்கதான்.

மொதல்ல நீ தெருவுக்குள்ள போறதே ஒரு திருவிழா. உன் வண்டி ஒசரம் பத்தடி கிட்ட வரும். பெரிம்மா தெருவுல கேபிள் ஒயரு எட்டடியில தொங்கும். ஒருத்தன் கழியால ஒயர தூக்குவான், ஒருத்தன் "லெஃப்ட்ல ஒடி, லெஃப்ட்ல ஒடி"ன்னு கத்துவான், அதே நேரத்துல இன்னொருத்தன் "ரைட்டு, ரைட்டு, வா வா"ம்பான். மூணு பேருக்கும் சைக்கிள தவுத்து வேற ஓட்டத் தெரியாது. நின்னப்பறம் அத்தைமாருங்க ஏறுவாங்க. ஒவ்வொரு கதவா தொறப்பாங்க, மெத்தைய அமுக்கிப் பாப்பாங்க, கக்கூச எட்டிப் பாத்து முந்தானையால மூக்க மூடிக்கினு, "எவ்ளோடா ஆச்சு?"ன்னு கேப்பாங்க. நீ பாதி வெலதான் சொல்லுவ. அதுக்கே பதிலு தயாரா இருக்கும்: "இந்தப் பணத்துக்கு வண்டலூர்-மீஞ்சூர் ரோட்டாண்ட ஒரு கிரவுண்டு மனை வாங்கிப் போட்டிருக்கலாமே." அந்தக் கேள்விக்கு என்கிட்டயும் பதிலு இல்ல. மனை வெல ஏறும், வண்டி வெல எறங்கும். அதனால நான் சொல்றது, வாங்காத. ரெண்டு வாட்டி வாடகைக்கு எடுத்து ஓட்டிப் பாரு. மூணாவது வாட்டி உன் பொண்டாட்டியே வேணாம்னு சொல்லிடும், பணம் மிச்சம்.

ராத்திரி ஆச்சுன்னா கரண்டு. வண்டி பேட்டரி லைட்டுக்கும் ஃபேனுக்கும் தாங்கும், விடியவிடிய ஏசி ஓட்டத் தாங்காது. உடனே எக்ஸ்டென்ஷன் ஒயர பெரிம்மா வூட்டு ஜன்னல் வழியா உள்ள வுடுவ. 2016-லருந்து வூட்டுக்கு ரெண்டு மாசத்துக்கு 100 யூனிட்டு இனாம் இல்ல? அதுலதான் அந்தக் கெழவி ஒரு குண்டு பல்பும் ஒரு மின்விசிறியும் போட்டு, ஒத்த ரூபா கட்டாம மானமா காலம் தள்ளுது. உன் ஏசி மணிக்கு ஒரு யூனிட்டுன்னு வெச்சாலும் ராத்திரிக்கு எட்டு. நாலு நாள்ல முப்பத்தி ரெண்டு. நீ ஆப்பிள் வாங்கிட்டுப் போன காசு மீட்டர்ல திரும்பி வந்துடும். கெழவி வாயத் தொறந்து சொல்லாது. ஆனா ஒவ்வொரு வாட்டியும் வெளிய வர்றப்போ மீட்டரப் பாத்துட்டு உன்னப் பாக்கும்.

அடுத்தது கக்கூசு. சிரிக்காத, இதுதான் தலையாய விசயம். அந்தப் பொட்டித் தொட்டி இருவது லிட்டரு புடிச்சா பெருசு. அஞ்சு பேருக்கு ரெண்டு நாளு தாங்குனா அதிர்ஷ்டம். வெளிநாட்டுல அத காலி பண்ணவே ஊருக்கு ஊரு எடம் கட்டி வெச்சிருக்கான். அமெரிக்காவுல வால்மார்ட் கடைக்காரன் பல ஊர்ல ராத்திரி வண்டிய நிறுத்திக்கவும் வுடுறான். ஆஸ்திரேலியாவுல ரிட்டயர் ஆன கெழவன் கெழவிங்க மாசக்கணக்கா இப்படியே சுத்துறாங்களாம். உனக்கு இங்க எவன் கட்டி வெச்சிருக்கான்? ராத்திரியோட ராத்திரியா புழல் ஏரிக்கரையில கவுத்துடலாம்னு நெனைக்காத. அம்பத்தூர்ல உன் வூட்டுக் கொழாயில வர்றது அந்த ஏரித் தண்ணியா இருக்கும். அப்ப மிச்சம் இருக்கிறது சொந்தக்காரன் வூடுதான். அரக்கோணத்துல நெறைஞ்சது திண்டிவனத்துல எறங்கும், திண்டிவனத்துல நெறைஞ்சது மதுரையில எறங்கும். நீ பாசத்துல வர்றியா, பாரம் எறக்க வர்றியான்னு மூணாவது வூட்டுக்காரன் கேக்க மாட்டானா? அதுலயும் நாத்தம் தெரியாம இருக்க ஒரு மருந்து ஊத்துறீங்களே, அது செப்டிக் டேங்குல போனா உள்ள இருக்கிற நல்ல பூச்சியும் செத்து, நீ ஊரு திரும்பறதுக்குள்ள பெரிம்மா வூட்டுக்கு லாரி கூப்புடணும். லாரிக்காரன் காச யாரு குடுக்குறது?

எனக்குத் தெரிஞ்ச வழி சொல்றேன். பகல்ல பெட்ரோல் பங்கு கழிப்பறை, வூட்டுக்குப் போனா வூட்டுக் கழிப்பறை. வண்டியில இருக்கிறது நடு ராத்திரிக்கும் கொழந்தைங்களுக்கும் மட்டும். கௌரவமா இருக்கும்.

இப்ப கொஞ்சம் சிரிக்காம கேளு. பழைய வேன் ஒண்ணு வாங்கி, தெரிஞ்ச பட்டறையில கட்டில் அடிச்சு, அடுப்பு வெச்சுக்கலாம்னு உன் கூட்டாளி சொன்னானாமே. கம்பெனிக்காரன் செஞ்ச அமைப்ப நம்ம இஷ்டத்துக்கு மாத்தக் கூடாதுன்னு 2019 ஜனவரியில சுப்ரீம் கோர்ட்டே சொல்லியாச்சு. ஆர்.சி. புக்குல இன்னா வண்டின்னு எழுதியிருக்கோ அந்த வண்டியாதான் அது இருக்கணும். இல்லன்னா எங்கியாவது முட்டிக்கினா, இன்சூரன்ஸ்காரன் அந்தக் கட்டிலக் காட்டியே கைய விரிச்சுடுவான்.

அடுப்பு அதவிட மோசம். 2023 ஆகஸ்ட் 26, மதுரை. லக்னோவுலருந்து ராமேஸ்வரம் போக வந்த சுற்றுலா ரயில் பெட்டி, யார்டுல நின்னுக்கினு இருந்துச்சு. திருட்டுத்தனமா கொண்டாந்த சிலிண்டர விடியக்காலைல பத்த வெச்சாங்க. பெட்டி எரிஞ்சு ஒம்பது பேரு போய்ட்டாங்க. கோயிலுக்குப் போன ஜனம்டா. நாங்க வண்டிய வுட்டு எறங்கி மணல்ல கல்லு கூட்டித்தான் அடுப்பு வெச்சோம். நீயும் எறங்கிப் பொங்கு. கதவு சாத்தின வண்டிக்குள்ள, ஜனம் தூங்கறப்போ, அடுப்ப தொடாத.

வேற சந்தேகம் இருந்தா கம்ப்யூட்டர நோண்டாத, நாமக்கல் லாரி டிரைவர கேளு. மாசத்துல முக்காவாசி வண்டியிலயே வாழுறவன் அவன்தான். தனியா எங்கியும் நிறுத்த மாட்டான், பத்து லாரி நிக்கிற எடத்துலதான் பதினோராவதா நிறுத்துவான். வெளிச்சம் இருக்கறப்பவே சோறு பொங்கிடுவான். சொந்தக்காரன் வூட்டுக்குப் போனா லாரிய மெயின் ரோட்லயே வுட்டுட்டு, பூவும் பழமும் வாங்கிக்கினு நடந்து போவான்.

நீயும் அதத்தான் செய்யணும். வண்டிய தெருமுனையில வுடு. கையில பையோட, வேர்த்து விறுவிறுத்து உள்ள போ. குடுக்கற தண்ணிய குடி. மூணு வேளையும் அவங்க கையால சாப்புடு, ரெண்டாவது வாட்டி சோறு கேளு. உன் பொண்டாட்டிய அடுப்படிக்கு அனுப்பாத, நீ போய் வெங்காயம் உரி, ஊரே ஒரு வாரம் பேசும். ராத்திரி பாய் விரிக்கறப்போ, "சின்னவனுக்கு எடம் மாறினா தூக்கம் வர்ல பெரிம்மா, அவனோட வண்டியில படுத்துக்கறேன்"னு கொழந்தை மேல பழிய போட்டுட்டு நழுவு. மாமியார மட்டும் பெரிம்மாகிட்ட வுட்டுட்டு வா. ரெண்டு கெழவிங்களும் விடியவிடிய உன்னப் பத்திப் பேசி சிநேகமாயிடுவாங்க. அப்படிப் பாத்தா உன் வண்டி பாக்கியம் பண்ண வண்டிதான். பெரிம்மா வூட்ல இருக்கிறதே ஒரு ரூம்பு. நீங்க அஞ்சு பேரும் அதுல படுத்தா கெழவி வெராந்தாவுல கொசுக்கடியில கெடக்கும். நீ தனியா படுத்தா அதுக்கும் தூக்கம் வரும். ஆனா அத நீயும் சொல்லக் கூடாது, அதுவும் சொல்லாது. மூணாம் நாளு காலைல காப்பி குடிச்சதும் கெளம்பிடு. விருந்தும் மருந்தும் மூணு நாளுன்னு சொன்னவன் சக்கரம் வெச்ச கட்டிலுக்குத் தனிக் கணக்கு சொல்லல.

பொங்கலுக்கு இங்க வரேன்னு போன்ல சொன்னியாம். வா. வண்டிய நம்ம களத்துல நிறுத்திக்க, ஒயரு கியரு எதுவும் தொங்கல. தண்ணி போர்ல புடிச்சுக்க, கரண்டு மட்டும் கேக்காத. ஆனா ராத்திரி ஆயா வூட்ல படுக்காம அதுலதான் படுக்கப் போறேங்கிற சேதிய உங்க ஆயாகிட்ட நீயே சொல்லிக்க. நான் அம்பது வருசமா அந்தம்மா கையால சோறு தின்னுக்கினு இருக்கேன்.