கண்ணுக்குச் சிதம்பரம், காதுக்கு ரகசியம்

கேள்வி: திறன்பேசிகள் பரவுவதற்கு முன், பார்வையற்றோர் கையடக்கக் கருவிகளில் இணையத்தை எவ்வாறு படித்தனர்?
– ஒரு வாசகர், கடலூர்

பதில்: முதலில் விரலால், பிறகு செவியால். நியூசிலாந்தின் பல்ஸ் டேட்டா நிறுவனம் 2000-இல் வெளியிட்ட பிரெயில்நோட், திரையே இல்லாத சிறு கணினியாகும். அதன் 18 அல்லது 32 பிரெயில் கட்டங்களில் நுண்ணிய ஊசிகள் மின்விசையால் எழுந்தும் தாழ்ந்தும் எழுத்தாக மாற, மின்னஞ்சலையும் பின்னர் இணையப் பக்கங்களையும் தடவிப் படிக்க முடிந்தது. விலை மிகுந்த அக்கருவி எட்டாதவர்களுக்கு, சிம்பியன் இயங்குதளத்தில் ஓடிய நோக்கியா பேசிகளும், திரையிலுள்ளதை உரக்கச் சொல்லும் ‘டாக்ஸ்’ என்னும் திரைவாசிப்பானும் வழி திறந்தன.

தமிழ்ப் பக்கங்களில்தான் பெருந்தடை இருந்தது. பாமினி முதலிய பழைய எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை அமர்த்தியிருந்தமையால், கண்ணுக்குச் ‘சிதம்பரம்’ எனத் தெரிந்த சொல், திரைவாசிப்பானுக்கு ‘ஆர், பி, ஜே, கே, அரைப்புள்ளி, ஜி, யு, கே, அரைப்புள்ளி’ என்றே கிடைத்தது. தில்லைக் கோயிலின் ‘சிதம்பர ரகசியத்தில்’ திரையை விலக்கினால் வெட்டவெளி; இங்கோ திரை நிறைய எழுத்திருந்தும் செவிக்கு வெட்டவெளியே மிஞ்சியது. தமிழுக்கெனத் தனிக் குறியெண்களைக் கொண்ட யூனிகோடு 1991-லேயே வந்துவிட்டபோதிலும், தமிழ்நாடு அரசு அதனைத் தரமாக ஏற்றது 2010-இல்தான் என்பதால், அத்தனை ஆண்டுத் தாமதத்தின் சுமை பார்வையற்ற வாசகர்மீதே மிகுதியாக விழுந்தது. இன்றும் ஓர் ஆவணத்தை வெறும் படமாக வருடி இணையத்தில் ஏற்றினால், எழுத்துணரி கொண்டு அதனை மீட்டெடுக்காதவரை எந்தத் திரைவாசிப்பானாலும் அதைப் படிக்க இயலாது.