காட்டுக்கு எந்தச் சட்டை?

சத்தியமங்கலம் மலையில் பச்சை உடுப்பைக் கண்டால் ஜனங்கள் ஓடி ஒளிந்த காலம் ஒன்று இருந்தது. தொண்ணூறுகளைச் சொல்கிறேன். தாளவாடி, ஹாசனூர், பர்கூர் பக்கத்து மலைக் கிராமங்களில் இராணுவப் பச்சையில் நாலு பேர் வருகிறார்கள் என்றால் மேய்க்கிற பையன் ஆட்டை அப்படியே விட்டுவிட்டு ஓடுவான். வீட்டுக் கதவுகள் சாத்திக்கொள்ளும். சந்தனக் கடத்தல்காரர் வீரப்பனைத் தேடி வந்த அதிரடிப்படையும் பச்சைதான், வீரப்பன் ஆட்கள் போட்டிருந்ததும் பச்சைதான். வந்தது யார் என்று தூரத்திலிருந்து தெரியாது. ஒரு பச்சைக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்தால் மறுநாள் இன்னொரு பச்சை வந்து ஏன் கொடுத்தாய் என்று கேட்கும். தமிழ்நாடு, கர்நாடகக் கூட்டு அதிரடிப்படையின் அத்துமீறல்களைப் பற்றிய புகார்களை விசாரிக்கத் தேசிய மனித உரிமை ஆணையம் நீதிபதி சதாசிவா தலைமையில் ஒரு குழுவை அமைத்தது. பாதிக்கப்பட்ட 89 பேருக்கு 2.80 கோடி ரூபாய் இழப்பீடு வழங்கச் சொல்லி ஆணையம் பரிந்துரைத்தது 2007இல். வீரப்பன் 2004 அக்டோபர் 18 அன்றே கொல்லப்பட்டுவிட்டார். பணம் வருவதற்குள் எத்தனையோ பேருக்கு வயதாகிவிட்டிருந்தது.

அந்தக் காலத்தில்தான் எனக்குப் பறவை பார்க்கிற பழக்கம் வந்தது. மலைக்குள் போக வழியில்லை. அடிவாரத்திலும் பவானிசாகர் அணைப் பக்கத்திலும் சுற்றுவேன். புறப்படும்போதெல்லாம் அம்மா சொல்வது ஒன்றே ஒன்றுதான்: "பச்சையில எதையும் மாட்டிக்கிட்டுப் போயிராத கண்ணு." ஈரோடு கனி மார்க்கெட்டில் மீட்டர் கணக்கில் பருத்தித் துணி எடுப்பேன். சாம்பலுக்கும் பழுப்புக்கும் நடுவில் ஒரு நிறம், கடைக்காரரே அதற்கு ஒரு பெயர் சொன்னதில்லை. தெருக்கோடித் தையல்காரர் தொளதொளவென்று தைத்துக் கொடுப்பார். இரண்டு பை வைத்தால் போதும், ஒன்றில் நோட்டு, ஒன்றில் பென்சில். அந்தச் சட்டையில் உட்கார்ந்துகொண்டு நான் பார்த்த கௌதாரிகளும் ஆற்றுக் குருவிகளும் ஏராளம்.

மலை அமைதியான பிறகு ஒரு சோளகப் பெரியவருடன் மாயாற்றுப் பள்ளத்தாக்கின் விளிம்பில் நடக்கக் கொடுத்து வைத்தது. அவர் சட்டையை இப்போதும் என்னால் நூல் நூலாகச் சொல்ல முடியும். எப்போதோ காக்கியாக இருந்து வெயிலில் வெளுத்துப் புழுதி நிறத்துக்கு வந்திருந்தது. தோளில் ஒரு ஒட்டு, அது வேறொரு துணி, கொஞ்சம் சாம்பல். மூன்று பட்டன்தான் மிச்சம். பையில் சாவியோ சில்லறையோ கிடையாது, நடக்கும்போது உடம்பிலிருந்து ஒரு சத்தம் வராது. தலையில் கட்டிய துண்டின் முனையை முன்னால் கொஞ்சம் இறக்கி விட்டிருப்பார், நெற்றியும் கன்னமும் அதன் நிழலுக்குள் போய்விடும். ஒரு வேல மரத்தடியில் உட்கார்ந்தார். நான் தண்ணீர்ப் பாட்டிலை எடுத்துத் திரும்புவதற்குள், அவர் எங்கே உட்கார்ந்தார் என்று தேட வேண்டியிருந்தது.

"சாமி, மானு சட்டையப் பாக்காது. கையப் பாக்கும்" என்றார். அசைவைத்தான் சொன்னார்.

மறைவைப் பற்றிப் பிற்பாடு நான் படித்த ஆராய்ச்சிகள் அனைத்தும் இந்த இரண்டு வாக்கியத்துக்கு விளக்கம்தான். மான் கண்ணுக்குச் சிவப்பு தனியாகத் தெரியாது. நமக்கு மூன்று வகை நிறம் அறியும் செல்கள், அதற்கு இரண்டே வகை. அதனால்தான் ஆரஞ்சு நிறத்தில் ஒரு புலி புல்லுக்குள் படுத்திருந்தால் மானுக்கு அது புல்லோடு புல்லாகத் தெரிகிறது. ஆனால் நீலப் பக்கம் மானின் கண் கூர்மை. அமெரிக்க வெள்ளைவால் மான்களைத் தொண்ணூறுகளில் ஆராய்ந்தவர்கள் இதை உறுதிப்படுத்தினார்கள். சலவைப் பவுடரில் துணியைப் பளிச்சென்று காட்டுவதற்காக ஒரு பொருள் சேர்க்கிறார்கள். அது புற ஊதாக் கதிரை வாங்கிக்கொண்டு நீல ஒளியாகத் திருப்பி விடும். விடியற்காலை, அந்தி என்று மான் மேய வருகிற நேரத்தில் அப்படித் துவைத்த சட்டை அதற்குத் தனியாக எடுத்துத் தெரியும். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய காமோ, அதாவது மறைவு அச்சுச் சட்டையானாலும் ஒரே சலவையில் அதன் வேலை கெட்டுப்போகும். பெரியவர் துணியைச் சோப்பில்லாமல் ஓடைத் தண்ணீரில் அலசிக் கல்லில் உலர்த்துவார்.

பறவைகளிடம் நிறத்தைக் கொண்டு ஒளிவது இன்னும் கஷ்டம். அவற்றுக்கு நான்கு வகை நிறச் செல்கள். பல பறவைகளுக்குப் புற ஊதா ஒளியே தெரியும். நம் கண்ணுக்கு இலை மாதிரி இருக்கிற அச்சு அவற்றின் கண்ணுக்கு இலை மாதிரி இருக்கும் என்று எந்தக் கடைக்காரரும் உத்தரவாதம் தர முடியாது. ஓரமாக, அசையாமல், வானத்தைப் பின்னணியாக்காமல் உட்கார்ந்தால் பறவை வரும். எழுந்து நின்றால் ஆள்காட்டிக் குருவி கத்தும், கத்திவிட்டால் அந்த இடத்தில் அன்றைக்கு வேறொன்றையும் பார்க்க முடியாது.

சத்தியமங்கலம் 2008இல் சரணாலயம் ஆனது, 2013இல் புலிகள் காப்பகம் ஆனது. 1,408 சதுர கிலோமீட்டர். திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளிலும் சனிக்கிழமை காலையில் கார்கள் வரிசை கட்டி ஏறுகின்றன. இறங்குகிற இளைஞர்கள் தொப்பி முதல் ஷூ வரை ஆர்மி பிரிண்ட் போட்டிருக்கிறார்கள். அன்றைக்கு எந்தத் துணியைக் கண்டு ஊரே ஒளிந்ததோ, அதே துணியில் இன்றைக்கு வந்து நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். அந்தப் பிள்ளைகள் மீது எனக்குக் கோபம் இல்லை. அவர்கள் பிறந்தபோதே அந்தக் கதை முடிந்துவிட்டது, யாரும் உட்கார வைத்துச் சொல்லவும் இல்லை. அதனால்தான் நான் சொல்கிறேன்.

என் தங்கை மகன் கோயம்புத்தூரில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறான். ஹாசனூர் போக வேண்டுமென்று உடுப்பு வாங்கிக்கொண்டு நேராக என்னிடம் வந்தான்.

"மாமா, இது டிஜிட்டல் காமோங்க. பாருங்க, நல்லா இருக்குங்களா?"

கையில் வாங்கிப் பார்த்தேன். துணி நல்ல துணிதான். குறுக்கும் நெடுக்கும் தடித்த நூல் ஓடிச் சின்னச் சின்னக் கட்டமாகத் தெரிந்தது. ரிப்ஸ்டாப் என்பார்கள், முள்ளில் மாட்டிக் கிழிந்தாலும் கிழிசல் அந்தக் கட்டத்தோடு நின்றுவிடும். வேலமும் ஈஞ்சும் நிறைந்த நம் புதர்க்காட்டுக்கு அது மிகவும் உபயோகம். முட்டிக்கு இரட்டைத் துணி வைத்திருந்தார்கள், அதுவும் சரி. ஆனால் தொடைப் பைகளின் மூடி முழுக்க வெல்க்ரோ. ஒன்றைப் பிரித்தேன், பர்ரென்ற சத்தத்தில் திண்ணையில் படுத்திருந்த நாய் தலையைத் தூக்கியது. கால்களை உரசினால் பாலியெஸ்டர் சரசரத்தது. அச்சு, கரும்பச்சையில் திட்டுத் திட்டாக இருந்தது.

"மாப்ள, நீ போறது மார்ச்சில. அங்க இப்பப் பச்சை எங்க இருக்குது?" என்றேன்.

காமோ வாங்குகிறவர்கள் பெரும்பாலும் யோசிக்காமல் விடுவது இதைத்தான். அந்த மலையின் சரிவுகளில் பங்குனியில் இலை கொட்டி, புல் காய்ந்து, எல்லாம் சாம்பலும் வைக்கோல் நிறமுமாகக் கிடக்கும். அந்த இடத்தில் கரும்பச்சை மனிதன் அரை மைலிலிருந்தே தெரிவான். ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு அதே சரிவு வேறு காடு. இன்னொன்று, அச்சு சின்னதாக இருந்தால் கொஞ்ச தூரத்தில் நிறங்கள் கலந்து ஒரே கறுப்புத் திட்டாகிவிடும். தலையும் தோளும் சேர்ந்து மனித உருவம் அப்படியே துலங்கும். கட்டம் கட்டமாக இருப்பதால் மட்டும் டிஜிட்டல் அச்சு வேலை செய்வதில்லை. அதில் சின்னத் திட்டும் பெரிய திட்டும் கலந்திருக்க வேண்டும், கிட்டத்திலும் எட்டத்திலும் உருவம் உடைய வேண்டும், நிறம் அந்த மண்ணோடு ஒத்துப்போக வேண்டும். இதில் அமெரிக்க இராணுவமே தவறிப்போனது. எல்லா நிலத்துக்கும் ஒரே அச்சு என்று 2004 முதல் சாம்பல் நிற டிஜிட்டல் உடுப்பைக் கொண்டுவந்தார்கள். ஆப்கானிஸ்தான் மலைகளில் அது எடுபடவில்லை. 2010இல் அங்கிருந்த வீரர்களுக்கு மல்டிகேம் என்ற வேறு உடுப்பை அனுப்பினார்கள், 2015இல் பொது உடுப்பையே மாற்றத் தொடங்கினார்கள். ஆராய்ச்சிக் கூடமும் ஆயிரம் நிபுணர்களும் உள்ளவர்களுக்கே ஓர் அச்சு எங்கும் பொருந்தவில்லை.

பழைய பிரெஞ்சுப் படை 1914இல் சிவப்புக் கால்சட்டையோடு போர்க்களத்துக்குப் போய்ப் பட்ட அடிக்குப் பிறகுதான், அடுத்த ஆண்டு ஓவியர்களைக் கூப்பிட்டு மறைவுக்கென்றே ஒரு பிரிவு தொடங்கியது. மறைவு வண்ணம் உயிர் காக்கப் பிறந்த கலை. அதை அணிகிறவருக்கு ஒரு காரணம் இருக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

நம் இராணுவத்துக்கும் அந்த நினைப்பு உண்டு. 2016 ஜனவரியில் பதான்கோட் விமானப்படைத் தளத்தைத் தாக்கியவர்கள் இராணுவ உடுப்பில் வந்தார்கள். அதன் பிறகு, பொதுமக்கள் அந்த மாதிரி உடுப்பை அணிய வேண்டாம், கடைக்காரர்கள் விற்க வேண்டாம் என்று இராணுவம் வெளிப்படையாகக் கேட்டுக்கொண்டது. 2022 ஜனவரி 15, இராணுவ தினத்தன்று வெளியிட்ட புதிய போர் உடுப்பைத் தேசிய ஆடை வடிவமைப்புக் கழகத்தோடு சேர்ந்து உருவாக்கினார்கள். பருத்தி 70 சதவீதம், பாலியெஸ்டர் 30 சதவீதம். அந்த வடிவத்துக்கு உரிமை பதிவு செய்து, வெளிச்சந்தையில் விற்கக் கூடாது என்றார்கள். படைவீரர் என்று பிறரை நம்பவைக்கும் எண்ணத்தோடு அவர்களது உடுப்பை அணிவது சட்டப்படி குற்றம், மூன்று மாதம் வரை சிறை உண்டு. சும்மா ஆசைக்குப் போடுகிறவரை இந்தச் சட்டம் பிடிக்காது. ஆனால் சோதனைச் சாவடியில் நிற்கிற காவலருக்கு உங்கள் ஆசை எப்படித் தெரியும்?

எல்லாவற்றையும்விட என்னைக் கவலைப்பட வைப்பது யானை. யானைக்குக் கண் அவ்வளவு கூர்மை இல்லை, மூக்குதான் எல்லாம். ஆப்பிரிக்க யானைக்கு மணம் அறியும் மரபணுக்கள் ஏறத்தாழ 2,000 இருப்பதாக 2014இல் கண்டறிந்தார்கள், நாயைவிட இரண்டு மடங்குக்கும் மேல். காற்று நம் பக்கமிருந்து அடித்தால் எந்தக் காமோவும் அதனிடம் செல்லாது. பெரியவர் நடக்கும்போது அவ்வப்போது குனிந்து ஒரு சிட்டிகைப் புழுதியை எடுத்து உதிர்ப்பார், அது போகிற திசையைப் பார்த்துத்தான் பாதை முடிவாகும். மான் பார்க்கப் போகும்போது மூச்சு விடுகிற சத்தம்கூடக் கேட்காத அதே மனிதர், மூங்கில் புதர் அடர்ந்த வளைவு வந்தால் வேண்டுமென்றே இருமுவார், கோலால் கல்லைத் தட்டுவார். யானைக்கு நாம் வருவது தெரிய வேண்டும். தெரிந்தால் அது விலகும், தெரியாமல் கிட்டத்தில் போய் நின்றால்தான் ஆபத்து. காட்டோடு வாழ்கிறவர்கள் யானையிடமிருந்து ஒளிவதில்லை. முழுக்க மறைந்து போகவேண்டும் என்று நகரத்திலிருந்து வருகிறவர்கள் நினைப்பது, இந்தக் காட்டில் உயிருக்கே வினையாகலாம்.

அதேபோல் வழி தவறினாலும் கால் பிசகினாலும் தேடி வருகிறவர் கண்ணுக்கு நீங்கள் தெரிய வேண்டும். 2018 மார்ச் 11இல் குரங்கணிக் காட்டுத் தீயில் 23 பேரைப் பறிகொடுத்த மாநிலம் இது. அதற்குப் பிறகு மலையேற்றத்துக்கு விதிமுறைகள் வந்தன. 2024 அக்டோபரில் 40 பாதைகளோடு வனத்துறையே 'ட்ரெக் தமிழ்நாடு' என்று தொடங்கி, வழிகாட்டியோடு அனுப்புகிறது. பல பாதைகளில் வழிகாட்டிகள் மலைக் கிராமத்துப் பிள்ளைகள். நல்ல காரியம். அவர்களைக் கேட்டாலே எந்தச் சட்டை என்று சொல்லிவிடுவார்கள்.

மாப்பிள்ளையோடு நானும் போனேன். முழுக்கால் சட்டையை வைத்துக்கொண்டோம், முள்ளுக்கு அது தேவை. மேலே என் பழைய பருத்திச் சட்டையைப் போட்டுக்கொண்டான், தோள் கொஞ்சம் இறுக்கம். வெல்க்ரோவை வெட்டிவிட்டுப் பட்டன் தைத்தாள் தங்கை. மதியம் வரை அசையாமல் உட்கார்ந்ததில் பாறு கழுகுகள் இரண்டு தாழ வட்டமிட்டதைப் பார்த்தோம். வெண்முதுகுப் பாறு, அழிவின் விளிம்பில் இருக்கிற இனம், தென்னிந்தியாவில் அது கூடு வைக்கிற மிகச் சில இடங்களில் மாயாற்றுப் பள்ளத்தாக்கு ஒன்று. அவன் கேமராவைத் தூக்கக்கூட மறந்துவிட்டான்.

காட்டுக்குக் கிளம்புகிற தம்பி, தங்கைகளிடம் நான் கேட்பது இதுதான். பழுப்பு, சாம்பல், மங்கிய பச்சை என்று வெற்று நிறத்தில், உரசினால் சத்தம் போடாத, வேர்வை இழுக்கிற துணியாக எடுங்கள். மாதத்தைப் பார்த்து நிறத்தைத் தேர்ந்தெடுங்கள். பளபளப்புப் பவுடரில் துவைக்காதீர்கள். பையில் ஒரு ஆரஞ்சுத் துணியை மடித்து வையுங்கள், அவசரத்துக்கு உதவும். மிச்சப் பணத்தில் நல்ல ஷூவும், அட்டை கடிக்காத காலுறையும் வாங்கிக்கொள்ளுங்கள். இராணுவ அச்சைக் கடையிலேயே விட்டுவிடுங்கள். காட்டுக்குப் போகிற வழியில் மலைக் கிராமங்கள் இருக்கின்றன, அந்தத் துணியைக் கண்டு கதவைச் சாத்தியவர்கள் அங்கே இன்னும் உயிரோடு இருக்கிறார்கள்.