தேகப்பயிற்சியும் தூரக்கல்வியும்

கே: உடற்பயிற்சி ஆசிரியராவதற்கும் இணையத்திலேயே படிப்பு வந்துவிட்டதாமே! நாற்காலியில் உட்கார்ந்தால் தசை வளருமா?

ப: தபாலில் வந்தபோதே வளர்ந்ததே, ஐயா! பெங்களூரில் ஹெர்குலிஸ் ஜிம்னாசியத்தை நடத்திய கே. வி. ஐயர், சுதந்திரத்திற்கு முன்பே, தம்மை நேரில் கண்டிராத மாணவர்களுக்கும் அஞ்சல் வழியாகத் தேகப்பயிற்சிப் பாடங்களை அனுப்பிவந்தார். பகலெல்லாம் உழைத்துவிட்டு, வீட்டார் உறங்கிய பின் எலும்புகளின் பெயரையும் தசைகளின் இணைப்பையும் இதயத் துடிப்பின் கணக்கையும் திரையில் பார்த்துக் கற்கும் இளைஞனின் சிரத்தை, வகுப்பறை மாணவனின் சிரத்தைக்கு எவ்விதத்திலும் குறைந்ததன்று. நான் அதை மனமார மதிக்கிறேன். ஆயினும், தோளில் பாரத்தைத் தாங்கிக் குந்தி எழுகிற ஒருவருடைய முழங்கால் சற்றே உட்புறம் சாய்வதை எதிரே நின்று கண்டு, அக்கணமே எடையைக் குறைக்கச் சொல்லும் பார்வை, அனுபவமுள்ள ஆசானின் பக்கத்தில் பல மாதங்கள் நின்றால்தான் சித்திக்கும்.

கே: கட்டுமஸ்தான உடம்பே சாட்சி சொல்லும்போது, சான்றிதழ் வேறு எதற்கு?

ப: பயிற்சிக்கு வந்தவர் மூர்ச்சித்து விழுந்து, இதயம் நின்றுவிட்டால், அந்தக் கட்டுமஸ்து என்ன செய்யும்? மார்பின் நடுவே, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, குறைந்தது 5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு அழுத்தத் தெரிந்த இரு கைகள் அல்லவா அப்போது வேண்டும்! அமெரிக்காவில் உடற்பயிற்சி ஆசிரியர்களுக்குச் சான்றிதழ் வழங்கும் ஏஸ் (ACE) போன்ற நிறுவனங்கள் பாடத்தை வீட்டிலிருந்தே படிக்க இடமளித்தாலும், இந்த உயிர்காப்புப் பயிற்சியைச் செய்துகாட்டித் தேறியாக வேண்டும் என்று விதித்திருக்கின்றன.